ஒன்பது ரூபாய்க் கல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வேலை பார்த்த தெலுங்கு நகரத்தின் குஷாய்குடாவில் எங்கள் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரேவதியின் அப்பா தனபால். அவருடைய தங்கை சரோஜா அத்தை. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து முந்தின நாள் ரயிலில் வந்து இறங்கிய என் அப்பா முனுசாமி. என் அறைத்தோழன் ஜாகிர். நான்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ரேவதி. மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது பெண்ணைக் கூட்டி வருவது வழக்கமில்லை. இன்னொருவர் என் அம்மா. அவர் வராததற்கு வழக்கம் காரணமில்லை, நான் காரணம்.

இவர்களைத் தவிர, கட்டிலின் மேல் போர்வைக்கு அடியில் ஒன்று படுத்திருந்தது. இரண்டேகால் அடி நீளம்.

சரோஜா அத்தைதான் முதலில் கவனித்தார். மிக்சர் தட்டைக் கையில் வாங்காமலே, "யாருப்பா அது, கொழந்தையா தூங்குது?" என்றார்.

"கொழந்தையெல்லாம் இல்ல அத்தே" என்றான் ஜாகிர், தேவைக்கு மேல் சத்தமாக.

"பின்னே? மூச்சே காணோம்! கல்யாணம் ஆகாத பசங்க ரூம்ல கொழந்தை கைக்கு வந்துச்சு? அண்ணா, நீயே கேளு."

கைக்கு என்றால் எதற்கு. அதே நகரத்தின் மல்காஜ்கிரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் ரயில்வேக் குடும்பம் அது. தமிழ் பேசினால் நடுவில் தெலுங்கும் தக்கனி உருதுவும் எட்டிப்பார்க்கும்.

நான் எழுவதற்குள் அத்தை போர்வையை உருவிவிட்டார். கன்னங்கரேலென்று, ஆறு பெரிய சக்கரங்களும் சிவப்புக் கம்பிகளும் புகைபோக்கியுமாக, என் நீராவி இஞ்சின் நின்றது.

"அய்ய, பொம்ம!" என்றார் அத்தை. குழந்தையாக இருந்திருந்தால்கூட அவ்வளவு ஏமாந்திருக்க மாட்டார். "ஆயிரக்கணக்குல சம்பளம் வாங்கற பையன் பொம்ம வெச்சு வெளையாடறான். ஹவ், ஆமா, ரொம்ப நல்லா இருக்குது."

தனபால் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. பெண் வீட்டார் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். நாங்கள் ஐந்து பேருமே அந்த டம்ளரைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிலோக் கணக்கில் வந்த கல்

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவோ லண்டனோ போய்த் திரும்புகிறவர்கள் மூலை மேஜையில் சாக்லேட்டைக் கொட்டி வைப்பார்கள். உடனே எல்லோருக்கும் மெயில் வரும். பத்து நிமிடத்தில் மேஜை சுத்தமாகிவிடும்.

எனக்குச் சாக்லேட் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கல் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தினால் டிக்கென்று பிடித்துக்கொள்ளும் குழந்தைகளின் கட்டுக் கல். அங்கே பிள்ளைகள் வளர்ந்ததும் வாசலில் கொட்டிக் கிலோக் கணக்கில் விற்றுவிடுவார்களாம். ஒருவர் சாக்ஸுக்குள் திணித்துக் கொண்டுவந்தார். ஒரு மேடம் பிரஷர் குக்கருக்குள் போட்டுக் கொண்டுவந்தார்.

வந்ததெல்லாம் மஞ்சள், நீலம், சிவப்பு. நீராவி இஞ்சினுக்கு வேண்டியது கறுப்பு. கறுப்புக் கல்லை மட்டும் பெங்களூரில் இறக்குமதி செய்யும் ஒருவரிடம் எண்ணி வாங்க வேண்டியிருந்தது. ஒரு கல் ஒன்பது ரூபாய்.

அப்பா வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கறுப்புக் கல் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் எடை பார்த்து, "இது இன்னா வெலடா?" என்றார்.

"எட்டணா இருக்கும்ப்பா."

"பரவால்ல" என்று கீழே வைத்தார்.

அப்பாவும் அம்மாவும் சேம்பரில் செங்கல் அறுக்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் சூளையைச் சேம்பர் என்போம். ஆயிரம் கல் அறுத்தால் அப்போது முந்நூறு ரூபாய் கூலி. இரண்டு பேருக்கும் சேர்த்து. அவரிடம் எப்படி ஒன்பது ரூபாய் என்று சொல்வது?

இதைவிடப் பெரிய பொய் ஒன்றை அதற்கும் முன்பே சொல்லியிருந்தேன். ரேவதியும் நானும் தினமும் போய்வரும் ஆபீஸ் பஸ்ஸைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன் அல்லவா, அந்த பஸ்ஸில்தான். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ரேவதி கேட்டாள், உங்கப்பா என்ன பண்றார் என்று.

"செங்கல் சூளை" என்றேன்.

"சொந்தமா?"

"ம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. ஓர் எழுத்து. அது மல்காஜ்கிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, 'பையனோட அப்பா சூளை வெச்சிருக்கார்' என்று முழு வாக்கியமாகிவிட்டது.

அப்பாவுக்கு இது தெரியாது. "அவங்க முன்னாடி அதிகம் பேசாதீங்கப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். நல்ல சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். சட்டை போட்டால் அப்பாவை மறைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

அம்மாவை எந்தப் புடவையாலும் மறைக்க முடியாது. கல் சுமந்து சுமந்து உச்சந்தலையில் ரூபாய் அகலத்துக்கு முடி இருக்காது. விரல் ரேகையெல்லாம் மண்ணில் தேய்ந்துவிட்டது. கைநாட்டு வைத்தால் காகிதத்தில் வெறும் மை வட்டம்தான் விழும். "அடுத்த தடவை வாம்மா, இப்ப அப்பா போதும்" என்று போனில் சொன்னேன். "சரிப்பா, நீ சொன்னா சரி" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நான் சொன்னால் எல்லாமே சரிதான்.

கையசைப்பு

இந்த இஞ்சின் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பார்கள்.

எங்கள் சேம்பருக்குப் பின்னால் மீட்டர் கேஜ் பாதை இருந்தது. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்வரை அதில் கரி இஞ்சின் போகும். காயப்போட்ட பச்சைக் கல்லின் மேல் கரித்தூள் விழும் என்று மேஸ்திரி திட்டுவார். ஆனால் அது வரும்போது, கல் அறுக்கிறவர்கள் எல்லோரும் குனிந்த முதுகை நிமிர்த்திக் கையசைப்பார்கள். இஞ்சினில் இருந்து யாரோ பதிலுக்கு அசைப்பார்கள்.

எங்கள் சேம்பரிலும் புகைபோக்கி உண்டு. அந்த இஞ்சினுடையதைவிடப் பத்து மடங்கு உயரம். அதற்கு யாரும் கையசைத்து நான் பார்த்ததில்லை.

ஈர மண்ணில் ஓர் இஞ்சின் செய்து, யாருக்கும் தெரியாமல் கல்லோடு கல்லாக வேகவைத்தேன். சூளையைப் பிரித்தபோது நான்கு துண்டாக இருந்தது. உள்ளே கெட்டியாக விட்டால் வெடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அழவில்லை. ஒரு துண்டை மட்டும் ரொம்ப நாள் டவுசர் பையில் வைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், ஆபீஸ் மேஜையில் யாரோ மறந்துபோன ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கல் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது.

ஒரு பக்கத்துப் படம்

தனபால் நாற்காலியிலிருந்து எழுந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். கண் சக்கரத்தின் மட்டத்துக்கு வந்ததும், ஒரு விரலால் இஞ்சினைத் தள்ளினார்.

அது நகர்ந்தது. பிறகு டக்கென்று நின்றது.

எனக்குத் தெரிந்த கோளாறுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்திருந்தேன், உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்திருந்தேன்.

"எண்ணெ வாசன வருதே" என்றார் தனபால். "தோசையா சுட்டே?"

ஜாகிர் சிரித்துவிட்டான். தனபால் சிரிக்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் தவழ்ந்து போய்ப் பார்த்தார். மீண்டும் இந்தப் பக்கம் வந்தார்.

"தம்பி, இது ஜென்மத்துக்கும் ஓடாது."

"படத்தைப் பார்த்து அளவெடுத்துத்தான் சார் செஞ்சேன். ஒரு கம்பிகூட மாறலை."

"படம் எந்தப் பக்கம் எடுத்தது?"

யோசித்தேன். என்னிடம் இருந்த பதினேழு படங்களும் ஒரே பக்கத்தில் எடுத்தவை. மறுபக்கத்தை, கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே திருப்பிச் செய்திருந்தேன்.

"அங்கதான் தப்பு" என்றார். "நான் பயர்மேனா சேர்ந்து கரி அள்ளிப் போட்டவன். அப்புறம்தான் டீசல், எலெக்ட்ரிக் எல்லாம். ரெண்டு பக்கக் கம்பியும் ஒரே எடத்துல நின்னா, ரெண்டும் ஒரே நேரத்துல முட்டிக்கும். அப்ப யாரு யாரத் தள்றது? ரைட்டு மேல இருந்தா, லெப்ட்டு கால் சுத்து தள்ளி நிக்கணும். இது திணர்றப்ப அது இழுக்கும். அது திணர்றப்ப இது இழுக்கும்."

ஐந்து மாதம் தேய்த்த உப்புத்தாள் எல்லாம் என் கண்ணுக்குள் உறுத்தியது.

"ஈஸி சார்" என்றான் ஜாகிர். "அச்சோட முனை கூட்டல் குறி மாதிரிதான இருக்கு? சக்கரத்த உருவிக் கால் சுத்து திருப்பிச் செருகினா முடிஞ்சது."

"அப்ப செருகு."

செருக முடியாது. சக்கரத்தை உருவ, உள்ளே கை விட்டு அச்சைப் பிடிக்க வேண்டும். கை போக, மேலே இருக்கும் பாய்லரைத் தூக்க வேண்டும். தனபால் பாய்லரை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். அது வரவில்லை.

"ஒட்டிட்டேன்" என்றேன் மெதுவாக.

"நான் அப்பவே வேணாம்னேன்" என்றான் ஜாகிர்.

இந்த விளையாட்டில் பசை போடுவது மானக்கேடு. கல்லும் கல்லும் தானாகப் பிடித்து நிற்க வேண்டும். நான் அதை வெளியில் யாருக்கும் சொன்னதில்லை.

மூட்டுக்கு மேல் மூட்டு

"ஏன்டா ஒட்டின?"

இது அப்பா. அதுவரை சுவரோரம், புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தவர்.

"நடுவுல விரிசல் விட்டுச்சுப்பா. தொங்கிப்போச்சு."

அவரும் வந்து தரையில் உட்கார்ந்தார். பாய்லரின் பக்கவாட்டில் விரலை ஓட்டினார். பாய்லர்த் தகடுகளின் கோடு நேராகத் தெரிய வேண்டுமென்று, ஒரே அளவுக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கியிருந்தேன்.

"மூட்டுக்கு மேல மூட்டு வெச்சிக்கீற" என்றார் அப்பா. "எந்தச் செவுருடா இப்டி நிக்கும்? நான் கொத்தனாரு இல்ல, எனக்கே தெரியுது. நீ யாரு வூட்ல பொறந்த?"

தனபால் வாய்விட்டுச் சிரித்தார். அறைக்குள் வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "ஐயா, சரியாச் சொன்னீங்க! பையன் இஞ்சினும் தெரியாம கல்லும் தெரியாம இஞ்சினீரு ஆயிட்டான்."

"படிப்புல நல்லா வருவான் சார்" என்றார் அப்பா அவசரமாக.

பிறகு நடந்ததை நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு அப்பாக்களும் முதல்முறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தனபால் இஞ்சினை மடியில் சாய்த்துப் பிடிக்க, அப்பா காய்கறிக் கத்தியின் முதுகால் பாய்லரைத் தட்டினார். சில கற்கள் முழுதாக வந்தன. பசை பிடித்தவை காது, அதாவது மேலே இருக்கும் குமிழ், உடைந்து வந்தன. சரோஜா அத்தைகூடக் கிட்டே வந்து, "மெல்ல அண்ணா, அந்தச் சொம்பு மாதிரி இருக்கறது ஒடஞ்சிடும்" என்று யோசனை சொன்னார்.

முழுதாக வந்த கற்களை அப்பா ஓரமாக வைத்துக்கொண்டே வந்தார். கை பேச்சைக் கேட்காமல் தன் வேலையைச் செய்தது. ஒவ்வொரு கல்லையும் பக்கவாட்டில் நிறுத்தி, கொஞ்சம் சாய்த்து, அடுத்த கல்லுக்கு ஒரு விரல் இடம் விட்டு. காற்று புகுந்து ஈரம் காய வேண்டுமே, அதற்காக. பிளாஸ்டிக் கல் வரிசை வரிசையாக எங்கள் மொசைக் தரையில் காய்ந்துகொண்டிருந்தது.

தனபாலின் கண் அந்த வரிசையில் நின்றதைப் பார்த்தேன்.

முப்பது ஜோடி

"உங்க சூளைல எத்தன பேரு வேல செய்யறாங்க ஐயா?" என்று கேட்டார் தனபால்.

"எங்க சேம்பர்ல முப்பது ஜோடி இருக்கும் சார்" என்றார் அப்பா, இன்னொரு கல்லை நிறுத்தியபடி. "நானும் எம் பொஞ்சாதியும் ஒரு ஜோடி."

தட்டும் சத்தம் நின்றது.

"மொதலாளின்னு சொன்னாங்களே" என்றார் சரோஜா அத்தை.

"மொதலாளி ரெட்ஹில்ஸ்ல இருக்காருமா" என்றார் அப்பா. பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "யாரு, நானா? யாரு சொன்னது?"

ஜாகிர் தரையைப் பார்த்தான். நான் சொல்லியாக வேண்டியிருந்தது.

"நான்தான்ப்பா."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். "எழுந்திரு அண்ணா. பொம்மயப் போத்தி வெச்சான், அப்பனையும் போத்தி வெச்சான். இன்னும் என்னென்ன இருக்குதோ. நக்கோ, வேணாம் இந்தச் சம்பந்தம்."

தனபால் எழவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் கேட்டது பொய்யைப் பற்றியே இல்லை.

"அதுக்குத்தான் உங்கம்மாவ வேணாம்னியா?"

பஸ்ஸில் சொன்ன அந்த ஒற்றை 'ம்' கூட வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவ புதுப் பொடவைய எடுத்து வெளிய வெச்சிருந்தாடா" என்றார் அப்பா. "நீ போன் பண்ணவுட்டு மடிச்சி உள்ள வெச்சா."

தெருவில் ஓர் ஆட்டோ திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது.

தனபால் குனிந்து, திறந்து கிடந்த இஞ்சினின் வயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டார். அச்சைப் பிடித்துச் சக்கரத்தை உருவினார். கால் சுற்று திருப்பிச் செருகினார். மற்ற இரண்டையும் அப்படியே. கம்பியை மாட்டி, கட்டிலின் மேல் வைத்து விரலால் தள்ளினார். பாய்லர் இல்லாத அந்த எலும்புக்கூடு எங்கும் முட்டாமல் போர்வையின் விளிம்புவரை ஓடி நின்றது.

அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. குழாயடிக்குப் போய்க் கையில் ஒட்டிய பசையைத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து அப்பாவின் முன்னால் நின்றார்.

"கல் அறுக்கறவருன்னு சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனான்னு எனக்கே தெரியல ஐயா. அது என் தப்பு. இவன் சொன்ன பொய் இவன் தப்பு. அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் ஜோடியா மல்காஜ்கிரி வாங்க. உங்க வீட்டம்மா வந்து உக்காந்தப்புறம்தான் பேச்சு. அவங்க வரலைன்னா பேச்சு இல்ல."

"சரிங்க சார்."

"சார் நக்கோ. தனபாலு."

டீயை அவர் தொடவில்லை. "தண்ணி மட்டும் குடு" என்று ஜாகிரிடம் கேட்டு வாங்கி நின்றபடியே குடித்தார். அத்தை அதுவும் குடிக்கவில்லை.

எண்ணிக்கை

மதியம் ரேவதி போன் செய்தாள். அவள் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். "எந்துக்கு அபத்தம் செப்பாவ்?" என்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று. நான் ஏதோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "டாடி அங்க ஏதாவது சாப்பிட்டாரா?" என்றாள்.

"தண்ணி குடிச்சார்."

"முழு டம்ளரா?"

"முழு டம்ளர்."

"சரி. மத்தது பஸ்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

அப்பா புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். காது உடைந்த கற்களை ஐந்தைந்தாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கல் எண்ணுவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"அறுபத்தெட்டு கல்லு போச்சு" என்றார். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இப்பனாச்சும் நெசத்தச் சொல்லு. இது இன்னா வெல?"

"ஒன்பது ரூபாப்பா."

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்தார்.

"அறுநூத்திப் பன்னெண்டு. நானும் உங்கம்மாவும் ரெண்டாயிரத்து நாப்பது கல்லு அறுக்கணும்."

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"ஊர்லேர்ந்து இங்க வர்றதுக்கு டிக்கெட்டு எவ்ளோ?"

"இருநூத்தி முப்பத்தெட்டுப்பா."

"அடுத்த ஞாயித்துக்கெழம வர உங்கம்மா டிக்கெட்டையும் அந்த அறுநூத்திப் பன்னெண்டோட சேர்த்துப் போடு."

அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பேப்பரிலேயே கீழே எழுதிக் கூட்டினேன்.

எண்ணூற்று ஐம்பது ரூபாய்.